பூசாமல் விட்ட இடம்

ரொறன்ரோ
1996 ஆனி

அன்புள்ள மகள் மக்டலீனுக்கு அப்பு அமிர்தநாதர் சொல்லி எழுதுவிப்பது. இங்கே நானும் உன் தங்கச்சி அன்ரனெற்றும் மருமகன் கிளிபோட்டும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் இருக்கிறோம், திருச்சியில் நீயும் பேத்தி ஜெசிந்தாவும் வெயிலுக்கும் வருத்தத்துக்கும் தப்பிச் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலை முடிகிற நேரம் தவறாமல் கேட்கிறோம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல அன்ரனெற் எழுதுகிறாள், வேலையால் வந்து இன்னும் உடுப்புக்கூட மாற்றவில்லை, குசினி மேசையில் இருந்து எழுதுகிறாள், அப்பு ஆறுதலாச் சொல்லுங்கோ, என்ர கை உங்கட வாயோட ஓடாது என்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. அன்ரனெற் வாசித்தாள், இடையில் நிறுத்தி அழுதாள், பிறகும் வாசித்தாள். ஜெசிந்தாவின் மாப்பிள்ளை வீட்டார் ஆவணி மாதத்துக்கு மேல் பொறுக்கமாட்டோம், வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டதை எழுதியிருந்தாய். கலியாணக் கார்ட்டில் உன் மனிசன் பிலேந்திரனின் பேருக்கு முன்னால் அமரர் என்று போட வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக்காலில் நிற்பதையும், நீ அச்சுக்கூடத்துக்குப் போய்க் கார்ட் அடிக்கக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்ததையும் எழுதியிருந்தாய். அந்தச் சொல்லைப் போட்டா நானே என்ர கையால அவரைப் புதைச்ச மாதிரி, போடாட்டி ஆறு வருசமா வராத மனிசனை வருவான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிற விசரி எண்டு சனம் சிரிக்கும், அதால அவர் வரட்டும், வந்தாப்போலை கலியாணத்தைப் பாப்பம் என்று எழுதியிருந்தாய். இப்படி நீ கலியாணத்தைத் தள்ளிவைப்பது இது முதல் தரம் இல்லை. ஜெசிந்தா உன்னோடு கதைக்கிறதில்லை, உனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு மற்ற அறைக்குள் போய்விடுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். அப்பு என்ன சொல்லுறியள் என்று கடைசியில் கேட்டிருந்தாய். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. நான் சொல்ல நினைத்த பதில் என்னுடைய சொந்தப் பதில் இல்லை, மேல் வீட்டு யாக்கோபு அண்ணையிடம் கேட்டுக்கொண்டது. அதை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நடுவில் பிய்த்துச் சொன்னால் உனக்கு விளங்காது, ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறேன், பொறுமையாக வாசி.

போன வருசம் ஐப்பசி முடிகிற நேரம், கியூபெக் மாகாணத்துச் சனம் கனடாவோடு இருக்கிறதோ பிரிந்து போகிறதோ என்று வோட்டுப் போட்ட நாள் ஒன்று வந்தது, அதே நாள்தான் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. இங்கே ரிவியில் நாடு உடையுமோ உடையாதோ என்று ஆட்கள் அழுகிறார்கள், கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எங்கள் சனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிளிபோட் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து எடுத்துக் களைத்துப்போய் நிலத்தில் இருந்துவிட்டான். அந்தக் கிழமை முடியமுதல் சனிக்கிழமை யூதர்களின் நாட்டில் அவர்களுடைய தலைவரை அவர்களுடைய ஆளே சுட்டுப்போட்டான் என்று செய்தி வந்தது. அப்படி யூதரான யாக்கோபு அண்ணையின் மேல் வீட்டிலும் எங்கள் கீழ் வீட்டிலும் ஒரே கிழமையில் செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் யாக்கோபு அண்ணை முதன்முதலாகப் படி இறங்கி எங்கள் பேஸ்மென்ருக்குள் வந்து என் கட்டிலில் இருந்தார். அன்ரனெற் தேத்தண்ணீர் கொடுக்க, எங்கள் கோப்பையில் குடிக்கிறது அவர்களுடைய முறைக்குச் சரிவராதாம், கண்ணாடிக் கிளாசில் தா பிள்ளை என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவரை நீ அறிய வேண்டும். இந்தப் பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் யூதர்கள் கனபேர், எங்கள் வீட்டுக்காரரும் யூதர், போலந்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர், இங்கே வந்து கோட்டுத் தைக்கிற பக்டரியில் வேலை செய்து இந்த வீட்டை வாங்கியவர். மனைவி இராக்கேல் செத்துக் கனகாலம், ஒரே மகன் வன்கூவரில். அவருடைய பேர் அவர்கள் சொல்லும்போது வேறு மாதிரி வரும், நான் எங்கள் கோயிலில் கேட்ட மாதிரி யாக்கோபு என்று கூப்பிட்டேன், என்னைவிட மூத்தவர் என்றபடியால் அண்ணையும் சேர்த்தேன், அண்ணை என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு அந்தச் சொல் இல்லாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். என்னுடைய இங்கிலீசு திருகோணமலை டொக்யாட்டில் வெள்ளைக்காரனிடம் பேச்சு வாங்கிப் படித்தது, அவருடைய இங்கிலீசு தையல் பக்டரியில் படித்தது. இரண்டும் உடைந்ததுதான், ஆனால் ஒரே இடத்தில் உடைந்ததோ என்னவோ, எங்களுக்குள் கதை தட்டுப்படவில்லை.

என் கட்டிலுக்கு நேர் மேலேதான் அவர் நின்று செபம் செய்கிற இடம். விடியப்புறம், பின்நேரம், பொழுதுபட்ட பிறகு என்று நாள் தவறாமல் அவருடைய காலுக்குக் கீழே தரைப்பலகை நெரிகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் மேலே போயிருந்தபோது பார்த்தேன், மனிசன் வெறும் சுவரைப் பார்த்தபடி நின்று முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடிச் செபிக்கிறார். அண்ணை, ஒரு படமுமில்லை சுரூபமுமில்லை, உந்தச் சுவரில என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள் என்று கேட்டேன். சுவரை ஆர் பாத்தது, எருசலேமைப் பாக்கிறன் என்றார். எங்க நிண்டாலும் எங்கட ஆக்கள் அந்த ஊர்ப் பக்கம்தான் திரும்புவினம், மேற்கில இருக்கிறவன் கிழக்கைப் பாப்பான், கிழக்கில இருக்கிறவன் மேற்கைப் பாப்பான், உலகம் முழுக்க ஆளையாள் முகம் பாத்தபடி நிக்கிறம், நடுவில அந்த ஊர் என்றார். எருசலேம் என்றால் எனக்குத் தெரிந்தது தவக்காலத்தில் கோயிலில் பாடுகிற பசாமும், ஆண்டவர் கழுதையில் போன குருத்தோலை ஞாயிறும்தான். அது ஆட்கள் அடுப்பெரித்துக் குடியிருந்த ஊர், எரித்து இடித்துச் சனத்தைத் துரத்தின ஊர் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர்களோ அதைச் சொல்லாத நேரமில்லை. நின்று செய்கிற செபத்தில் அந்த ஊரைத் திருப்பிக் கட்டித்தா என்று ஒரு மன்றாட்டு, பாண் சாப்பிட்டு முடியச் சொல்லுகிற செபத்திலும் அதே மன்றாட்டு. செத்தவீட்டில் ஆறுதல் சொல்லும்போதும் எருசலேமுக்காகத் துக்கப்படுகிற எல்லோரோடும் சேர்த்து உன்னையும் ஆண்டவர் ஆற்றட்டும் என்றுதான் சொல்லுவார்கள். கலியாணவீட்டில் சந்தோசம் உச்சியில் இருக்கிற நேரம் மாப்பிள்ளை காலால் ஒரு கிளாசை மிதித்து உடைப்பானாம், அதுவும் எருசலேமுக்காகத்தான்.

நான் விடவில்லை. உங்களுக்கென்ன அண்ணை, எங்களை மாதிரியோ, மிசிசாகா எயாப்போட்டில ஏறினா அங்க போய் இறங்கலாம், பிறகேன் உந்தச் சுவரோட மினைக்கெடுறியள் என்று கேட்டேன். இராக்கேலோடு ஒருக்கால் போய் வந்ததாகச் சொன்னார். அங்கே பஸ் ஓடியதாம், ஒருத்தன் மாதுளம்பழச்சாறு விற்றானாம், இராக்கேலுக்குச் சப்பாத்துக் கடித்ததாம். பழைய கோயிலில் மிஞ்சின மதிலில் முகத்தை வைத்து அழுதாராம். பாஸ்காத் திருநாளில வாற வருசம் எருசலேமில எண்டு சொல்லி முடிக்கிறது எங்கட வழக்கம், எருசலேமுக்குள்ள இருக்கிற ஆக்களும் அதைத்தான் சொல்லுகினம், திருப்பிக் கட்டின எருசலேமில எண்டு ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுகினம், நாங்கள் கேக்கிற ஊருக்கு பிளேன் ஓடாது அமிர்தநாதர் என்றார். அப்போது அது எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது.

இனித்தான் கிளிபோட் செய்த வேலை. உனக்குத் தெரியும், அவன் யூனியன்வில் பக்கம் கட்டுகிற புது வீடுகளுக்குச் சுவர் பூசிப் பெயின்ற் அடிக்கிறவன், நல்ல கை, நல்ல மனம், ஆனால் எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் இல்லை. பங்குனியில் யாக்கோபு அண்ணை நெஞ்சுநோவு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாஸ்கா வருகிறது, அந்தத் திருநாளுக்கு அவர்கள் வீட்டில் ஒரு பாண் துகளும் இல்லாமல் துடைத்துக் கழுவுவார்கள், மனிசன் வருத்தத்தோடு வந்து கழுவப்போகுது, நாங்கள் செய்து வைப்பம் என்று எல்லோரும் சேர்ந்து வீட்டைக் கழுவினோம். அதோடு கிளிபோட் மேல் விறாந்தைக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினான். முன் கதவால் உள்ளே வந்தவுடன் நேரே தெரிகிற சுவரில் ஒரு சுளகளவு சதுரம் பூசாமல் கிடந்தது, உள்ளே செங்கல் தெரியும், ஓரம் கறுத்துப்போய் இருக்கும். எங்கள் ஆட்கள் அப்படி ஒன்றைக் கண்டால் என்ன செய்வார்கள், திருநாளுக்கு வீட்டுக்கு ஆள் வரப்போகுது, வாசலுக்கு நேரே பொத்தல் கிடக்குது, கிழவருக்குப் பூச ஆளில்லாமல் கிடந்திருக்குது என்றுதான் நினைப்பார்கள். கிளிபோட் சாந்து வைத்து நிரவி, தேய்த்து, கோட்டுக்கு மேல் கோட்டாக அடித்து, எங்கே இருந்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாத மாதிரிச் செய்துவிட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியால் கூட்டிக்கொண்டு வந்தோம். கதவைத் திறந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றாத மனிசன் தொப்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போய் அந்த இடத்தைக் கையால் தடவினார். கிளிபோட் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான். நல்ல வேலை தம்பி, நல்ல துப்பரவான வேலை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று பின்நேரம் பலகை நெரிந்த சத்தம் கேட்டது, ஆனால் வழமையைவிடக் கனநேரம் நெரிந்தது. அடுத்த நாள் காலை படி இறங்கி வந்து, உன்ர மருமகன் வேலைக்குப் போயிட்டானோ என்று கேட்டார். ஓம் என்றேன். அப்ப அவன்ர உளி ஒண்டு எடுத்துக்கொண்டு சத்தம் போடாம மேல வா என்றார்.

அப்போதுதான் சொன்னார். புது வீடு கட்டினாலும் வாங்கித் திருத்தினாலும், வாசலுக்கு நேரே ஒரு சின்ன இடத்தைப் பூசாமல் விட வேண்டும், அது எருசலேமுக்காக. எங்கட ஊர் இடிஞ்சு கிடக்கேக்கை என்ர வீடு முழுசா முடிஞ்சது எண்டு சொல்லக்கூடாது என்றார். இராக்கேலும் அவரும் இந்த வீட்டை வாங்கிப் பூசின நாளில் அவள் காட்டின இடமாம் அது. அண்ணை, அவன் அறியாமச் செய்திட்டான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். மனிசனுக்கு அந்த வருத்தத்திலும் வாய்ப்பகிடி போகவில்லை. எருசலேமை இடிச்ச ராசாக்கள் கனபேர் அமிர்தநாதர், ஆனா அதை இருந்த இடம் தெரியாமப் பூசி மெழுகினது உன்ர மருமகன் ஒருத்தன்தான் என்றார். பிறகு இரண்டு கிழடுகளும் கதிரையில் இருந்தபடி ஆளுக்குக் கொஞ்சமாகச் சுரண்டினோம். பாதர்ஸ்ட் வீதியால் பஸ் போகப் போக, புதுச் சாந்து எங்கள் மடியில் கொட்டுண்டது. பின்நேரம் கிளிபோட் வந்து பார்த்துவிட்டு வெளிறிப்போனான். யாக்கோபு அண்ணை அவனைக் கூப்பிட்டு, தம்பி, நீ பூசினது பிழையில்லை, நல்லாப் பூசினதுதான் பிழை, உளி இறங்குதில்லை என்றார்.

மக்டலீன், நான் சொல்ல வந்த விசயம் சுரண்டுகிற நேரம் அவர் சொன்னது. அவருக்கு ஒரு கடைசித் தம்பி இருந்தான். உலகச் சண்டையில் ஜெர்மன்காரர் அவர்களுடைய ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களைக் கொண்டுபோனபோது தாய் தகப்பன் கதை தெரிந்துவிட்டது, தம்பியின் கதை மட்டும் தெரியவில்லை. ஒருத்தன் கண்டேன் என்றான், மற்றவன் இல்லை என்றான். சண்டை முடிந்து ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில், நீ மண்டபம் முகாமில் இருந்த மாதிரி, இருந்த நேரம்தான் அவருக்கும் இராக்கேலுக்கும் கலியாணம் பேச்சு வந்தது. அவர் மாட்டேன் என்றாராம். தம்பி வரட்டும், அவன்தான் எனக்குப் பந்தல் தடி பிடிக்கிறவன் என்றாராம். அவர்களுடைய கலியாணத்தில் நாலு தடியில் ஒரு துணியைக் கட்டி நாலு பேர் பிடிக்க, அதற்குக் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். இராக்கேல் என்ன சொன்னாளாம் தெரியுமோ, உம்மட தம்பிக்கு இடம் விட்டே முடிப்பம், ஆனா முடிப்பம் என்றாளாம். மூன்று தடியை மூன்று பேர் பிடித்தார்கள், நாலாவது தடியை ஆரும் பிடிக்கவில்லை, ஒரு வாளியில் மண் போட்டு அதில் நட்டு வைத்தார்கள். காற்றுக்கு அந்தப் பக்கம் சரிந்து சரிந்து நின்றதாம். கிளாசை மிதிக்கும்போது எல்லாரும் எருசலேமை நினைச்சினம், நான் வாளியைப் பாத்து மிதிச்சன் என்றார். சொல்லிவிட்டு உளியை என்னிடம் தந்துவிட்டு மூக்கைத் துடைத்தார்.

பிறகு நான் உன்னை நினைத்துத்தான் கேட்டேன், அப்ப தம்பி செத்துப்போனான் எண்டு எப்ப அண்ணை ஏற்றுக்கொண்டியள் என்று. இந்த வருசம் பிறந்து ஒன்றிரண்டு நாளில் அவர் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்ததை நான் கண்டிருந்தேன், அது தம்பிக்குத்தானாம். செத்த திகதி தெரியாத ஆட்களுக்கென்று அவர்களுடைய பெரியவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் எருசலேமைச் சுற்றிவளைக்கத் தொடங்கின நாள்தான் அது. திகதி இல்லாதவர்களை எல்லாம் அந்த ஊரின் நாளோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அவர் உடனே கொளுத்தவில்லை. செஞ்சிலுவைக்கு எழுதினார், பேப்பரில் போட்டார், இஸ்ரவேலுக்குப் போனபோதும் தெருவில் போகிற ஆட்களின் முகத்தைத்தான் பார்த்தாராம். மகன் படித்துப் பெரியவனான பிறகு ஒரு வருசம், அந்த நாள் வந்தபோது தானாகவே போய் ஒரு திரி எடுத்தாராம். ஆரும் கொளுத்து எண்டு சொல்லயில்லை, இராக்கேலும் சொல்லயில்லை, சொல்லியிருந்தா நான் கொளுத்தியிருக்கமாட்டன் என்றார். திரி காத்திருக்கலாம் அமிர்தநாதர், கலியாணம் காத்திருக்கக் கூடாது, அண்டைக்கு நான் மாட்டன் எண்டிருந்தா இந்தச் சுவருமில்லை, இதில ஓட்டையுமில்லை என்றார்.

பாஸ்கா இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை மேலே கூப்பிட்டார். எங்களுக்குப் பெரிய கிழமை, புதன்கிழமை, அன்ரனெற் ஒரு சந்தி, ஒருநேரச் சாப்பாட்டு நாள் என்று சொன்னாள், பரவாயில்லை, ஆண்டவரும் இதைத்தான் சாப்பிட்டவர் என்று கூட்டிக்கொண்டு போனேன். புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் தந்தார். கடைசியில் வாற வருசம் எருசலேமில என்று சொல்லி முடித்துவிட்டு, எங்கட ஊர் ஆக்களெண்டு ஒரு காலத்தில இந்த ரொறன்ரோவில மண்டபம் நிறைய இருந்தவை, இப்ப எங்கட ஊர்க் கிணறு எந்தப் பக்கம் எண்டு கேக்கிறதெண்டாலும் என்னட்டை நானேதான் கேக்க வேணும் என்றார். வைகாசியில் ஒரு காலை பலகை நெரியவில்லை. நான் படுத்தபடி காத்திருந்தேன். பிறகு எழும்பி மேலே போனேன். உடுப்பெல்லாம் போட்டு, கிழக்குப் பக்கம் திருப்பின கதிரையில் இருந்தபடியே போயிருந்தார்.

அவர்கள் மினைக்கெடுகிறதில்லை, உடனே அடக்கம். பூவுமில்லை மேளமுமில்லை, வெறும் பலகைப் பெட்டி, அதற்குள் எருசலேமில் இருந்து வந்த மண் என்று ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார்கள். அங்கே அடக்கமாகக் கொடுத்துவைக்காதவர்களுக்கு அந்த மண் வந்து சேருகிறது. மகனும் நாங்களுமாக மண் போட்டோம். முடிய ஆட்கள் இரண்டு வரிசையாக நிற்க, மகன் நடுவால் நடந்து போக, எருசலேமுக்காகத் துக்கப்படுகிறவர்களோடு உன்னையும் ஆண்டவர் ஆற்றட்டும் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்களுடைய சொல் தெரியாது, நான் தமிழில் சொன்னேன். அந்த வரிசையில் அவருடைய ஊர் ஆள் ஒருத்தர்கூட இல்லை.

மகன் கெட்டவன் இல்லை. ஏழு நாள் நிலத்தோடு இருந்து துக்கம் காத்தான், அதற்குப் பிறகுதான் வீட்டை விற்க ஆள் கூப்பிட்டான். வந்த மனுசி வாசலில் நின்று, கதவுக்கு நேரே பொத்தல் இருந்தால் வாங்க வருகிற ஆள் திரும்பிப் போய்விடும், முதலில் அதை அடையுங்கோ என்றாள். மகன் அந்தச் சுவருக்கு முன்னால் கனநேரம் நின்றான். சின்னனில் அந்தப் பொத்தலுக்குள் விளையாட்டுக் காரை ஒளித்து வைப்பானாம், தகப்பன் கண்டும் எடுக்கமாட்டாராம். பிறகு கிளிபோட்டைக் கூப்பிட்டு நீயே பூசிவிடு என்றான். கிளிபோட், நான் ஒருக்காப் பூசினது காணும், வேற ஆளைப் பிடியுங்கோ என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். வேறு ஆள் வந்து பூசினது. நான் என் கட்டிலில் இருந்து அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சுவர் வெள்ளையாக இருக்கிறது. வீடும் விலைப்பட்டுவிட்டது, ஆடி முடிய நாங்கள் எழும்ப வேண்டும், கிளிபோட் பிக்கரிங் பக்கம் வீடு பார்க்கிறான்.

இப்போது உனக்குச் சொல்லுகிறேன் மோனை. பிலேந்திரன் வருவான் என்று நான் சொல்லமாட்டேன், வரமாட்டான் என்றும் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் நீ காத்திருக்கிறது ஆமி அவனைக் கொண்டுபோன அந்தச் சுற்றிவளைப்புக்கு முதல்நாள் சாறத்தோடு வாசலில் நின்ற பிலேந்திரனுக்கு. அவனே வந்தாலும் அந்த நாள் வராது. யாக்கோபு அண்ணை எருசலேமுக்குள் நின்றுகொண்டே எருசலேமைக் கேட்டார் என்று சொன்னேனே, அதை நினை. அதற்காகக் கேட்கிறதை விடு என்று சொல்லவில்லை, நாளுக்கு நாள் கேள், சாப்பிட்டு முடியக் கேள். ஆனால் பெட்டையின் கலியாணத்தை ஆவணியில் வை. கார்ட்டில் பிலேந்திரன் மக்டலீன் தம்பதிகளின் மகள் என்று போடு. பேருக்கு முன்னால் அமரரும் வேண்டாம், திருவும் வேண்டாம், ஒரு சொல் அளவு இடத்தை வெறுமையாக விடச் சொல்லு. அச்சுக்காரத் தம்பி இது பிழை அம்மா என்பான், ஓம் தம்பி, அப்பிடியே கிடக்கட்டும் என்று சொல்லு. சம்பந்தியாரோடு நான் ரெலிபோனில் கதைக்கிறேன், பெரிய மனிசன் கதைத்தால் கேட்பார்கள். கோயிலில் பிள்ளையை நீ இடப்பக்கம் பிடித்துக்கொண்டு போ, வலப்பக்கம் ஆரையும் பிடிக்க விடாதே, சித்தப்பன் பெரியப்பன் என்று எவன் ஓடி வந்தாலும் அந்தப் பக்கம் ஆள் நடக்கக்கூடாது. முன்வரிசை வாங்கில் உனக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் இடம் சும்மா கிடக்கட்டும். செத்தவர்களுக்கான பூசை எப்போது சொல்லுவிப்பது என்று ஆரும் உன்னிடம் கேட்டால், அது என்ர விசயம் என்று சொல்லு, சுவாமியார் கேட்டாலும் அப்படியே சொல்லு. திரி காத்திருக்கும். இதை ஜெசிந்தாவுக்கும் வாசித்துக் காட்டு, அவள் சோற்றை மூடி வைக்கிறதை விட்டு உனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடட்டும்.

உன் சீனி வருத்தத்துக்குக் குளிசையை நேரத்துக்கு எடு, வெயிலுக்குள் குடையில்லாமல் திரியாதே. கலியாணத்துக்கு அன்ரனெற்றும் கிளிபோட்டும் வருவார்கள். நான் வரமாட்டேன். ஏன் என்று அன்ரனெற் உனக்கு எழுதமாட்டாள், இப்போதும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், எழுது பிள்ளை, அக்காவுக்குத் தெரிய வேணும் என்று சொல்லித்தான் எழுதுவிக்கிறேன். நெஞ்சுக்குள் தண்ணீர் நிற்கிறது, டொக்டர் பிளேன் ஏறக்கூடாது என்றதோடு வேறு சிலதும் சொன்னார். அதற்காக நீ கலியாணத்தை இன்னும் ஒருக்கால் தள்ளி வைத்தாயானால் நான் உன்னோடு கோபம். ஆண்டவர் உன் வாசலையும் ஜெசிந்தாவின் புது வாசலையும் ஆசீர்வதிக்கட்டும், மாதா அவளுடைய மடியை நிறைக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன் கலியாணத்தன்று எங்கள் அந்தோனியார் கோயில் பீடத்துக்கு முன்னால் நின்றவர்களை நான் இரவில் நித்திரை வராத நேரம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். கைப்பிடித்துத் தந்த பெரிய சுவாமியார் மோட்சத்துக்குப் போய்விட்டார். மணி அடித்த நீக்கிலாப்பிள்ளை படகில் இராமேசுவரம் போகும்போது கடலோடு போனார். மாப்பிள்ளைத் தோழனாக நின்ற அலெக்ஸாண்டர் பிரான்சில் நெஞ்சடைத்துச் செத்தான். உன் மாமியார் மகனைத் தேடித் தேடியே கண்மூடினா. உனக்கு முடி வைத்துவிட்ட உன் அம்மா இங்கே பனிக்குள் கிடக்கிறா. இதை எழுதுகிற அன்ரனெற் அன்று அம்மை வந்து வீட்டில் கிடந்தவள், ஒன்றும் காணவில்லை. என்னை நீ கணக்கில் எடுக்காதே. உன் பக்கத்தில் நின்றவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தைப் பூசாமல் விடுகிறேன். ஜெசிந்தாவின் தகப்பன் எப்படிச் சிரித்துக்கொண்டு தாலி கட்டினான் என்று அவளுடைய பிள்ளைகள் கேட்டால் சொல்லுவதற்கு இனி உயிரோடு மிச்சம் இருக்கிற ஆள் நீதான், மக்டலீன்.

இப்படிக்கு
உன் அப்பு அமிர்தநாதர்
(கீழே உள்ள சிலுவை அப்பு தன் கையால் போட்டது)
+